கோட்டை கட்டாத அரசன்

நுழையும்முன்

சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றிய விளையாட்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்த அவ்விளையாட்டு அங்கே புதிய விதிகள் சிலவற்றைப் பெற்றது. அவ்விதிகளை வளர்ந்து பெரியவரான பின்னரே கற்று, ஐரோப்பியப் பெருவீரர்களை அவர்களது அரங்கிலேயே வென்ற சுல்தான் கான் என்னும் எளிய மனிதரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

அரணின் இயல்பு

நாட்டின் உறுப்புகளுள் ஒன்றாக அரணை வைத்துப் போற்றிய வள்ளுவர், அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். சூழ்ந்து முற்றுகையிட்டும், முற்றுகையின்றிப் பாய்ந்து தாக்கியும், உள்ளிருப்போரை வஞ்சகத்தால் வயப்படுத்தியும் கைப்பற்ற இயலாததே சிறந்த அரண் என்பது அவர் கருத்து. எனினும், எத்துணைச் சிறப்புடைய அரணும் உள்ளிருப்போர் செயல்திறம் இல்லாதவராயின் இருந்தும் இல்லாததே என்னும் எச்சரிக்கையுடன் அவ்வதிகாரத்தை அவர் முடிக்கிறார்.

இதனை நம் வரலாறும் மெய்ப்பிக்கிறது. சங்கரன்கோவிலை அடுத்த நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கோட்டை அமைத்து ஆண்டார். 1755ஆம் ஆண்டு அக்கோட்டையைத் தாக்க வந்த கர்னல் ஹெரான், போதிய பீரங்கிகளும் உணவுப் பொருள்களும் இன்றி மதுரைக்குத் திரும்ப நேர்ந்தது. ஆனால், 1761ஆம் ஆண்டு நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின. மதில் மட்டுமே வெற்றி தோல்வியை முடிவு செய்வதில்லை. தாக்குவோரின் ஏற்பாடும் காப்போரின் வலிமையும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன. சதுரங்கப் பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களிலும் இவ்வுண்மையே ஆட்சி செய்கிறது.

பலகையின்மீது ஒரு கோட்டை

இன்றைய பன்னாட்டுச் சதுரங்கத்தில் அரசனைக் காக்க ஒரு தனி விதி உண்டு. அரசனும் மூலையில் நிற்கும் யானையும் அதுவரை நகராமல் இருக்க வேண்டும். இருவருக்கும் இடையில் வேறு காய் இருத்தல் கூடாது. அரசன் எதிரியின் தாக்குதலில் நிற்றலும், தாக்கப்படும் கட்டத்தைக் கடத்தலும் கூடா. இவை பொருந்தினால், அரசன் யானையை நோக்கி இரண்டு கட்டங்கள் நகர்வான். யானை அவனைத் தாண்டி மறுபக்கத்தில் வந்து நிற்கும். ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள் இடம்பெயரும் இம்முறைக்குக் கோட்டை கட்டுதல் என்று பெயர். அதன்பின் அரசன் பலகையின் ஓரத்தில், மூன்று சிப்பாய்களாகிய மதிலுக்குப் பின்னே ஒதுங்கியிருப்பான்.

இக்கோட்டையைத் தாக்குவதே சதுரங்கக் கலையின் உச்சம் என்பர். அதற்கு வழிகள் இரண்டு. மந்திரியையோ குதிரையையோ பலியிட்டு மதிலாகிய சிப்பாயை வீழ்த்தி, அரசியோடு பிற காய்களும் பாய்ந்து நுழைவது ஒரு வழி. தன் பக்கத்துச் சிப்பாய்களைப் படிப்படியாக முன்னேற்றி, காவல் காய்களை விரட்டி, யானைகளுக்குப் பாதை திறப்பது மற்றொரு வழி. முன்னது பாய்ந்து தாக்குதல், பின்னது முற்றுகை. இரண்டிற்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு. பலகையின் நடுப்பகுதி தாக்குவோனின் பிடியில் இருக்க வேண்டும். நடுவில் வழி திறந்து கிடக்கும்போது ஓரத்தில் படையெடுப்பவன், தன் அரசனையே பகைவனுக்குக் காட்டிக் கொடுத்தவனாவான்.

கோட்டை கட்டிய அரசனின் முதற்காவலன் குதிரை. மதிலுக்குச் சற்று முன்னே நின்று, பகைவர் இறங்கத்தக்க கட்டங்களை அது காத்து நிற்கும். ஆகவே, தேர்ந்த வீரர்கள் மதிலைத் தொடுவதற்கு முன் அக்குதிரையை அகற்றவே முயல்வர். காவலன் அகன்றால் மதில் தானே தளரும்.

மிட்டா திவானாவின் மைந்தர்

இந்த நுட்பங்கள் எவற்றையும் அறியாத ஒரு சிற்றூரில் வளர்ந்தவர் சுல்தான் கான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நாளைய பஞ்சாப் மாகாணத்தைச் சேர்ந்த மிட்டா திவானா என்னும் ஊரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. சிறுவயதிலேயே தந்தையிடம் அவர் கற்றது இந்தியமுறைச் சதுரங்கம்.

அம்முறைக்கும் ஐரோப்பிய முறைக்கும் வேறுபாடுகள் இருந்தன. இந்தியமுறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். இரண்டு கட்டம் பாய்தல் இல்லை. கோட்டை கட்டும் விதியும் இல்லை. அதற்கு ஈடாக, அரசன் ஆட்டத்தில் ஒருமுறை மட்டும் குதிரையைப் போலத் தாவலாம். ஆகவே, ஆட்டம் மெதுவாகவே சூடுபிடிக்கும். பொறுமை, நீண்டநோக்கு, காய்களின் இடமறிந்து நகர்த்தும் நுட்பம் ஆகியவற்றை அம்முறை வளர்த்தது. ஓடி ஒளிய ஓர் அரண் இல்லாத களத்தில் தன் அரசனைத் தானே நடத்திக் காக்கும் பயிற்சியையும் அது தந்தது. இப்பயிற்சியே பின்னாளில் அவருக்குப் பெரும்படையாயிற்று.

இளைஞரான சுல்தான் கான் பஞ்சாபின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராக அறியப்பட்டார். பெருநிலக்கிழாரும் அரசியல் செல்வாக்கு மிக்கவருமான சர் உமர் ஹயாத் கான் திவானா அவரது திறனைக் கண்டு தம் இல்லப் பணியாளருள் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார். ஐரோப்பிய முறையைக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். 1928ஆம் ஆண்டு நடைபெற்ற அனைத்திந்தியப் போட்டியில் சுல்தான் கான் எட்டு ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றிலும் தோல்வியுறாமல் முதலிடம் பெற்றார்.

தோல்வி தந்த ஆசிரியர்கள்

1929ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் உமர் ஹயாத் கானுடன் சுல்தான் கான் இலண்டன் சென்றார். அவருக்குப் பழக்கம் ஏற்படுத்துவதற்காக அங்கே ஒரு பயிற்சிப் போட்டி நடத்தப்பட்டது. அதில் அவர் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. ஐரோப்பிய வீரர்கள் பல தலைமுறைகளாக நூல்களில் எழுதிவைத்து ஆராய்ந்த தொடக்க நகர்த்தல்கள் அவருக்குப் புதியன. அந்நூல்களைப் படித்தறியும் ஆங்கிலப் பயிற்சியும் அவருக்கு இல்லை. முதற்பத்து நகர்த்தல்களுக்குள்ளேயே பின்தங்கிவிட்டு, மீதி ஆட்டம் முழுவதும் அந்த இழப்பை ஈடுசெய்யப் போராட வேண்டியிருந்தது.

அப்போட்டியில் அவரை முந்திய வில்லியம் வின்டர், ஃபிரெடெரிக் யேட்ஸ் ஆகிய இருவருமே அவருக்குப் பயிற்சி அளிக்க முன்வந்தனர். வென்றவர்கள் கற்பித்தார்கள், தோற்றவர் தயங்காமல் கற்றார். சில மாதங்களே கழிந்தன. அவ்வாண்டுக் கோடையில் ராம்ஸ்கேட் நகரில் நடைபெற்ற பிரிட்டன் வாகையர் போட்டியில் சுல்தான் கான் முதலிடம் பெற்றார். ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஆளும் நாட்டின் வாகையரானார். சதுரங்க உலகம் வியப்பில் ஆழ்ந்தது.

ஹேஸ்டிங்ஸ் அரங்கில்

இந்தியா சென்று 1930ஆம் ஆண்டு மீண்டும் இங்கிலாந்து திரும்பிய அவர், அடுத்து வந்த ஆண்டுகளில் உலகின் முன்னணி வீரர்கள் பலரோடும் பொருதினார். அவற்றுள் என்றும் நினைக்கப்படுவது 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கியூபா நாட்டின் ஹோசே ரவுல் கபாபிளாங்காவுடன் அவர் ஆடிய ஆட்டமாகும். கபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வாகையராக விளங்கியவர். அவரைத் தோற்கடிப்பதே அரிது என்று பெயர் பெற்றவர்.

வெள்ளைக் காய்களுடன் சுல்தான் கான் ஆடினார். எட்டாவது நகர்த்தலிலேயே கபாபிளாங்கா கோட்டை கட்டித் தம் அரசனைப் பாதுகாப்பாக ஒதுக்கினார். சுல்தான் கானோ கோட்டை கட்டவில்லை. அவருடைய அரசன் நடுவிலேயே நின்றான். நூல்வழிக் கற்றவர்கள் இதனைத் துணிச்சல் என்றோ அறியாமை என்றோ கருதலாம். ஆனால், நடுப்பகுதிச் சிப்பாய்கள் ஒன்றையொன்று தடுத்து நின்றமையால் அங்கே எளிதில் வழி திறக்காது என்பதை அவர் கண்டிருந்தார்.

பதினான்காம் நகர்த்தலில் வலப்பக்க ஓரச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறியது. பத்தொன்பதாம் நகர்த்தலில் அதன் அண்டைச் சிப்பாயும் கறுப்பு அரசனின் கோட்டையை நோக்கிப் புறப்பட்டது. இருபதாம் நகர்த்தலில் அது மேலும் ஒரு கட்டம் சென்று, கோட்டையின் முதற்காவலனாகிய குதிரையைத் தாக்கியது. குதிரை பின்வாங்கிக் கடைசி வரிசைக்கே திரும்பிற்று. முற்றுகை தொடங்கிவிட்டது.

முற்றுகையை உடைக்கக் கபாபிளாங்கா எதிர்ப்பக்கத்தில் பாய்ந்தார். அவருடைய இரு யானைகளும் திறந்திருந்த நேர்வரிசை வழியாக இறங்கி, நடுவில் நின்ற வெள்ளை அரசனைத் தாக்கின. கோட்டைக்குள் இல்லாத அரசன் வீழ்வான் என்று தோன்றிய கணம் அது. சுல்தான் கான் கலங்கவில்லை. அரசனை ஓர் அடி நடத்தினார். தம் அரசியைக் கொடுத்து, ஈடாகக் கறுப்பின் இரு யானைகளையும் பெற்றார். தாக்கவந்த யானைகள் மறைந்தன. வெள்ளை அரசன் தன் படைக்கு நடுவே அமைதியாக நின்றான்.

அதன்பின் நிகழ்ந்தது பொறுமையின் வெற்றி. கறுப்பு அரசி பலகையெங்கும் அலைந்தும் புகுவதற்கு வழி காணவில்லை. பின்வாங்கிய குதிரை நெடுநேரம் களத்திற்குத் திரும்பவில்லை. கோட்டை கட்டியிருந்த கறுப்பு அரசனே அக்கோட்டையை விட்டு வெளியேறி நடுப்பகுதிக்கு நடந்தான். வெள்ளைச் சிப்பாய்கள் ஒருபுறத்தை அடைத்துவைக்க, வெள்ளை யானைகள் மறுபுறத்தில் நுழைந்தன. அறுபத்தைந்தாம் நகர்த்தலுடன் கபாபிளாங்கா தோல்வியை ஏற்றார். அரண் இல்லா ஆட்டத்தில் வளர்ந்தவர், அரண் கட்டியவரை வென்றார். கோட்டை கட்டுதல் தவறன்று. அதனைக் காக்கும் காய்கள் செயலிழந்தால் கோட்டையால் பயனில்லை என்பதே அவ்வாட்டம் உணர்த்தும் பாடம். சுல்தான் கானிடம் இருந்தது மேதைமையே என்று பின்னாளில் கபாபிளாங்காவே எழுதினார்.

தெரிந்து தெளிவோம்

சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய ஃபிடே 1950ஆம் ஆண்டு முதன்முறையாக முறைப்படி வழங்கியது. அவ்வாண்டு அப்பட்டம் பெற்றோர் 27 பேர். அதற்கு முன்னரே, 1942இல், கபாபிளாங்கா மறைந்துவிட்டார்.

வெற்றியும் பணிவும்

பிரிட்டன் வாகையர் போட்டியில் நான்கு முறை பங்கேற்ற சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் முதலிடம் பெற்றார். 1931ஆம் ஆண்டு போலந்தின் சாவியெலி தார்தகோவருடன் ஆடிய நேருக்கு நேர்ப் போட்டியில் நான்கில் வென்று, மூன்றில் தோற்று, ஐந்தைச் சமன் செய்தார். ஹாம்பர்க், பிராக், ஃபோக்ஸ்டன் ஆகிய நகரங்களில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடுகளில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் ஆடினார். பிராக் நகரில் அகிபா ருபின்ஸ்டைன், சாலோ ஃபிளோர் ஆகியோரை வென்றதோடு, அந்நாளைய உலக வாகையர் அலெக்சாந்தர் அலியெகினுடன் ஆடிய ஆட்டத்தையும் சமன் செய்தார்.

இவ்வெற்றிகள் எளிதில் கிட்டியவை அல்ல. இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் அவரை வாட்டின. மலேரியாக் காய்ச்சல் அடிக்கடி வந்தது. தொண்டை நோயால் கழுத்தில் துணி சுற்றியவாறே பல ஆட்டங்களை ஆடினார். அரங்கில் அவர் அதிகம் பேசமாட்டார். வென்றபோது ஆர்ப்பரித்ததும் இல்லை, தோற்றபோது காரணம் தேடியதும் இல்லை.

அரங்கிற்கு வெளியே அவரது நிலை வேறாக இருந்தது. உமர் ஹயாத் கானின் இலண்டன் இல்லத்தில் விருந்துண்ணச் சென்ற அமெரிக்க அணியினருக்குச் சுல்தான் கானே உணவு பரிமாறியதாகவும், உலகப் புகழ் பெற்ற ஒருவர் தமக்குப் பரிமாறுவதைக் கண்டு தாம் கூசியதாகவும் ரூபன் ஃபைன் என்னும் வீரர் பதிவு செய்துள்ளார். எந்தப் போட்டியில் ஆடுவது, எந்நாட்டில் இருப்பது, எப்போது திரும்புவது என்பவற்றை முடிவு செய்யும் உரிமை சுல்தான் கானிடம் இல்லை. புரவலரின் ஆதரவு அவரை உலக அரங்கிற்கு ஏற்றிய ஏணி; அதுவே அவரைச் சூழ்ந்து நின்ற மதிலும் ஆயிற்று.

அவ்வில்லத்தில் பணிபுரிந்த ஃபாத்திமா என்னும் இளம்பெண்ணும் 1933ஆம் ஆண்டு பிரிட்டன் மகளிர் வாகையர் போட்டியில் முதலிடம் பெற்றார். ஒரே இல்லத்தைச் சேர்ந்த பணியாளர் இருவர் ஒரே ஆண்டில் பிரிட்டனின் இரு பட்டங்களையும் வென்றது அரிய நிகழ்வாகும்.

வயலுக்குத் திரும்பிய வாகையர்

1933ஆம் ஆண்டின் இறுதியில் உமர் ஹயாத் கான் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். முப்பது வயதை ஒட்டிய அவர், ஐரோப்பாவின் பெரும்போட்டிகளில் அதன்பின் ஆடவே இல்லை. 1935ஆம் ஆண்டு காடில்கர் என்னும் வீரருடன் நடைபெற்ற பத்து ஆட்டங்களில் ஒன்பதில் வென்று ஒன்றைச் சமன் செய்தார். திறன் சிறிதும் குறையவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆயினும், களம் அவருக்கு அடைபட்டது. போட்டிகளுக்குச் செல்லப் பொருளும் அழைத்துச் செல்ல அமைப்பும் இல்லாத நிலையில் தம் ஊர்ப்பக்கத்தில் உழவுத் தொழிலை மேற்கொண்டார்.

தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் கற்பிக்க விரும்பவில்லை என்றும், அதனினும் பயனுள்ள ஒன்றில் வாழ்வைச் செலவிடுமாறு அறிவுறுத்தினார் என்றும் அவர் மைந்தர் பின்னாளில் தெரிவித்தார். உலக வாகையராக இருந்தவரை வென்ற ஒருவர் இவ்வாறு எண்ண நேர்ந்தது ஏன் என்பது சிந்தித்தற்குரியது. விளையாட்டு அவரைக் கைவிடவில்லை. விளையாட்டிற்கும் அவருக்கும் இடையே இருந்த ஒரே பாலம் மற்றொருவரின் விருப்பமாக இருந்தது. அப்பாலம் விலகியபோது அவர் கரையிலேயே நின்றார்.

1950ஆம் ஆண்டு முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டியல் வெளியானபோது, சுல்தான் கான் வென்ற ருபின்ஸ்டைன், தார்தகோவர், ஃபிளோர் ஆகியோர் பெயர்கள் அதில் இடம்பெற்றன. அவர் பெயர் இடம்பெறவில்லை. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் சர்கோதாவில் காசநோயால் அவர் மறைந்தார்.

காலம் தந்த விடை

சுல்தான் கான் மறைந்து ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின், 2024ஆம் ஆண்டு, ஃபிடே அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அறிவித்தது. பெறுவதற்கு அவர் இல்லை. எனினும் வரலாறு ஒரு கடனைத் தீர்த்துக்கொண்டது.

அவருக்குக் கிடைக்காத ஒன்று பிற்காலத்தில் தமிழ்நாட்டில் வளர்ந்தது. 1961ஆம் ஆண்டு மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் ஆனார். கோட்டைகளைத் தகர்க்கும் ஆட்டத்தால் உலகை ஈர்த்த மிகைல் தாலின் பெயரால் 1972ஆம் ஆண்டு சென்னையில் அவர் ஒரு சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். அங்கு ஆடிப் பழகிய விசுவநாதன் ஆனந்த் 1988ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022ஆம் ஆண்டு 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. ஒரு புரவலரின் மனத்தை நம்பி நிற்க வேண்டியிராமல், கழகமும் பள்ளியும் போட்டிகளும் துணைநிற்க இன்றைய மாணவர் ஆடுகின்றனர்.

அறிவு எங்கும் பிறக்கும். அது நிலைத்து வளரச் சமூகம் அரணாக வேண்டும். உள்ளிருப்போரை அடைத்து வைக்கும் மதிலாக இல்லாமல், அவர்கள் புறப்பட்டுச் செல்லவும் திரும்பி வரவும் துணைசெய்யும் அரணாக அது அமைதல் வேண்டும். கோட்டை கட்டாமலே வென்ற சுல்தான் கானின் ஆட்டம் திறமையின் ஆற்றலைக் காட்டுகிறது. அவரது வாழ்வோ திறமைக்கு நாம் செய்ய வேண்டிய கடமையைக் காட்டுகிறது.

கற்பவை கற்றபின்

1. இந்தியமுறைச் சதுரங்கத்திற்கும் பன்னாட்டுச் சதுரங்கத்திற்கும் உள்ள வேறுபாடுகளைப் பாடப்பகுதியைக் கொண்டு அட்டவணைப்படுத்துக.

2. திருக்குறளின் அரண் அதிகாரக் கருத்துகளை ஹேஸ்டிங்ஸ் ஆட்டத்துடன் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

3. புரவலரின் ஆதரவு சுல்தான் கானுக்கு ஏணியா, மதிலா என்னும் பொருளில் பட்டிமன்றம் நிகழ்த்துக.

4. உங்கள் ஊரில் திறமை இருந்தும் வாய்ப்புக் கிட்டாத கலைஞர் அல்லது விளையாட்டு வீரர் ஒருவரைச் சந்தித்து, அவருக்குத் தேவையான உதவி குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.